ஆற்றுத் துறையும் சரக்குத் தோணியும்

தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சரக்குத் தோணிகளைப் பற்றிப் பேசப் புகுந்தால், கேட்பவர் இதழில் சிறு முறுவல் அரும்புவது இயல்பே. நம்முடையது குன்றும் கரட்டு நிலமும் புன்செய்யும் நிறைந்த மேட்டுப் பகுதி. கடல் கிழக்கே நெடுந்தொலைவில் இருக்கிறது. மேற்கெல்லையில் காவிரி ஓடுகிறதென்றாலும், அதன்மேல் நம் கண்ணில் பெரும்பாலும் தென்படுவது வட்டமான பரிசலே. நூறு டன், இருநூறு டன் எனச் சுமந்து செல்லும் தட்டையடித் தோணிகளை, 'பார்ஜ்' என்று துறைமுகத்தார் வழங்கும் கலங்களை, நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். அப்படியிருக்க, இந்தப் பொருள் நமக்கு எதற்கு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம்.

கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். நீர்வழி இல்லாத ஊர் பஞ்ச காலத்தில் என்ன பாடு பட்டது என்பது அதன் முதற்பகுதி. நீர்வழியும் தோணியும் வாய்த்திருந்தும் ஒரு பெரிய கால்வாய் எவ்வாறு கைநழுவிப் போயிற்று என்பது அதன் இரண்டாம் பகுதி. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆற்றுப் போக்குவரத்தின் உயிர்நிலை நீரிலும் இல்லை, கலத்திலும் இல்லை. துறையை ஆளும் ஒழுங்கில் இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் நம் காவிரியைப் பார்ப்போம். குடகு மலையில் பிறந்து கன்னட நாட்டைக் கடந்து வரும் இவ்வாறு, நம் மாவட்டத்தைத் தொடுமிடத்தில் அமைதியாக ஓடவில்லை. பாறைகளுக்கிடையே நெருங்கி, ஒகேனக்கல்லில் பல கிளைகளாகப் பிரிந்து அருவிகளாக விழுகிறது. அடியில் கல், நடுவில் சுழல், கோடையில் நீர் குறைவு, மழைக்காலத்தில் பெருவெள்ளம். இத்தகைய ஆற்றில் நீண்ட தோணி செல்ல முடியாது. ஆகவே நம் முன்னோர் பரிசலைக் கைக்கொண்டனர். மூங்கிற் பிளாச்சுகளால் கூடைபோல் பின்னி, முற்காலத்தில் தோலாலும் பிற்காலத்தில் தார் பூசிய விரிப்புகளாலும் அடிப்புறம் மூடிய கலம் அது. சிறிதளவு நீரிலேயே மிதக்கும். பாறையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். வேலை முடிந்ததும் ஒருவரே தலைமேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம். ஆற்றின் இயல்பறிந்து அமைத்த கலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிற்றூருக்கு வேண்டிய தானியத்தைப் பரிசலில் கொண்டுவந்து முடியாது.

இந்தக் குறை எவ்வளவு கொடியது என்பதை 1876ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் நிலை தேறவில்லை. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி அஞ்சிய பஞ்சம் அது. அந்நாளில் தருமபுரி, சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாள்தான். 1871இல் எடுத்த குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது 16 இலட்சமாகக் குறைந்துவிட்டது. பசியாலும் காலராவாலும் மாண்டவர், ஊரைவிட்டுப் போனவர், பிறவாமலே போன குழந்தைகள் ஆகிய அனைவரும் அந்தக் குறைவில் அடங்குவர். ஐந்து பேர் இருந்த வீட்டில் நால்வர் என்று வைத்துக்கொண்டால் அதன் துயரம் புலப்படும்.

அப்போது நாட்டில் தானியமே இல்லையா என்றால், இருந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி சென்னைக்கு வந்து இறங்கியது. கடற்கரையில் மூட்டைகள் மலைபோல் குவிந்தன. அவற்றை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல இரயிலும் இருந்தது. 1860களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் பாதை அமைந்துவிட்டது. நம் மொரப்பூர் அந்தப் பாதையில் உள்ள ஊரே. ஆயினும் குவிந்த மூட்டைகளை விரைந்து எடுத்துச் செல்லப் போதிய வண்டிகளும் எஞ்சின்களும் இல்லை. நிலையத்தில் இறக்கிய மூட்டையையும் அங்கிருந்து தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் ஊர் ஊராகச் சேர்க்க வேண்டியவை மாட்டு வண்டிகள். பஞ்சத்திலோ மனிதனுக்கு முன்னால் மாடு விழுகிறது. புல்லும் நீரும் இன்றி உழவு மாடுகள் மாண்டபின் வண்டியை யார் இழுப்பது? தானியம் வந்து சேர்ந்த இடத்திலும் விலை ஏறியிருந்தது. கூலி வேலை அற்றுப்போன ஏழையிடம் காசு இல்லை. ஆகவே பஞ்சச் சாவுக்கு மழையின்மை மட்டும் காரணமன்று. பொருள் இருக்குமிடத்துக்கும் பசி இருக்குமிடத்துக்கும் நடுவே வழி இல்லாமையும், வாங்கும் திறன் இல்லாமையும், அரசின் தாமதமும் சேர்ந்தே அந்த அழிவைச் செய்தன.

இப்பஞ்சத்துக்குப் பின் பெரியதொரு வாதம் எழுந்தது. உள்நாட்டுக்கு இரயில் வேண்டுமா, நீர்வழி வேண்டுமா என்பதே அது. நீர்வழியின் பக்கம் நின்று வாதாடியவர் பொறியாளர் சர் ஆர்தர் காட்டன். 1836இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டியவர் அவர். பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பி, அதன் கால்வாய்கள் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் ஒருங்கே பயன்படுமாறு அமைத்தார். ஒரே கால்வாய் பயிரையும் வளர்க்கும், விளைந்த நெல்லையும் சுமந்து செல்லும் என்பது அவர் கொள்கை. 1878இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன்னும் அவர் இதையே வற்புறுத்தினார்.

அவர் வாதத்தின் அடிப்படை எளிய கணக்கு. நல்ல பாதையில் ஒரு குதிரை இழுக்கக்கூடிய பாரம் ஏறத்தாழ 2 டன். அதே குதிரை கால்வாய்க் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தால் 50 டன் வரையில் நகரும் என்பது அக்கால ஐரோப்பியப் பொறியாளர் கண்ட அளவு. சக்கரம் தரையோடு உராய்கிறது; படகோ நீரைச் சற்றே விலக்கிக்கொண்டு செல்கிறது. விரைவு வேண்டாத, எடை மிகுந்த பொருள்களுக்கு, அதாவது நெல், உப்பு, விறகு, கல், சுண்ணாம்பு போன்றவற்றுக்கு, நீர்வழியைவிட மலிவானது வேறில்லை.

இந்தக் கணக்கு சரியானதே என்றாலும் நம் ஊருக்குப் பொருந்தவில்லை. தருமபுரி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து அவ்வளவு உயரத்துக்குத் தோணியைப் படிப்படியாக ஏற்ற வேண்டுமானால் எத்தனையோ நீர்ப்பூட்டுகள் வேண்டும். அவற்றுக்குத் தண்ணீரோ இங்கில்லை. ஆகவே பஞ்சக் காப்புக்கென நமக்கு வந்தது சிறிய இரயில். 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்பாதை மூடப்பட்டது. நிலம் இடங்கொடுக்கும் வழியைத்தான் மனிதன் அமைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நிலம் இடங்கொடுத்த இடத்தில் என்ன நடந்தது? அதற்கு நாம் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். சென்னை நகரைக் கடந்து செல்பவர்கள் பறக்கும் இரயில் தூண்களுக்கு அடியில் கருமையான நீர்த்தேக்கம் ஒன்றைக் கண்டிருப்பார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். கடற்கரையை ஒட்டியுள்ள உப்பங்கழிகளையும் ஆற்று முகங்களையும் ஒன்றோடொன்று இணைத்து வெட்டிய நீர்வழி அது. ஆந்திரத்துப் பெத்த கஞ்சாமிலிருந்து தமிழ்நாட்டு மரக்காணம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். வடக்கே கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரை தோணி செல்ல வழி இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற்பகுதியை வெட்டுவித்தார். 1837இல் அரசு அதனை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. கூவம், அடையாறு ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் இணைப்பு இல்லாதிருந்தது. அந்த இணைப்பை 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெட்டியவர்கள் பஞ்சத்தால் வேலை தேடி வந்த ஏழைகள். நாம் சற்று முன் பேசிய அதே பஞ்சம்தான். பசித்த கைகள் வெட்டிய கால்வாய்க்கு அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை இட்டார்கள்.

இக்கால்வாயில் தோணிகள் பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் சென்றன. ஆந்திரத்து அரிசியும், சவுக்கு விறகும், உப்பும், சிப்பிச் சுண்ணாம்பும் சென்னைக்கு வந்தன. தோணிகள் தங்குவதற்கு அமைத்த நீர்த்தொட்டியின் நினைவாகவே பேசின் பிரிட்ஜ் என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. பாவேந்தர் பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயில் படகிற் சென்ற பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்ற பாடலாக்கினார். நிலவின் அழகோடு, கரையில் நடந்து படகை இழுத்த உழைப்பாளியின் துன்பத்தையும் அவர் பாடியிருக்கிறார்.

ஆறுகள் கால்வாயைக் குறுக்கிடும் இடங்களில் 'லாக்' எனப்படும் நீர்ப்பூட்டுகள் இருந்தன. இதன் அமைப்பை மாணவர்கள் மனத்தில் படம் வரைந்து பார்க்கலாம். இருபுறமும் கதவுள்ள கல் தொட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாழ்ந்த பக்கத்திலிருந்து வரும் தோணி தொட்டிக்குள் நுழைந்ததும் பின் கதவை மூடுவார்கள். உயர்ந்த பக்கத்துச் சிறு மதகைத் திறந்தால் நீர் புகுந்து தொட்டி நிரம்பும். தோணியும் மெல்ல உயரும். இருபுற நீரும் சமமானதும் முன் கதவு எளிதில் திறக்கும். சென்னைக்குத் தெற்கிலோ கடலின் ஏற்றவற்றமே கால்வாயின் ஆழத்தை முடிவு செய்தது. ஏற்ற நேரம் தவறிய தோணி மணலில் அமர்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே நீர்ப்பூட்டுக் காவலருக்கும் தோணித் தண்டலுக்கும் பஞ்சாங்கம் அறிவதும் தொழிலறிவே ஆயிற்று.

1890இல் சென்னை மாகாணத்தில் கால்வாய்களுக்கும் பொதுத் துறைகளுக்குமான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கால்வாயிற் செல்லும் தோணிக்கு உரிமம், சுங்கம் முதலியவற்றையும், ஆறு கடக்கும் பொதுத் துறைகளின் ஆட்சியையும் ஒரே சட்டத்தில் அது வகுத்தது. ஆயிரம் மூட்டை ஏற்றும் தோணித் துறையும், பத்துப் பேர் கடக்கும் பரிசல் துறையும் சட்டத்தின் கண்ணில் ஓரினம். அது பொருத்தமே என்பதைத் துறை நடத்தும் முறையை ஆராய்ந்தால் உணரலாம்.

துறை நடத்துவோன் அறிய வேண்டிய முதற்பாடம் ஆழம். 30 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள பெட்டி போன்ற தோணி ஒன்றைக் கொள்வோம். அது நீரில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ வேண்டுமானால் எவ்வளவு பாரம் ஏற்ற வேண்டும்? ஆர்க்கிமிடீசு விதிப்படி, விலக்கப்படும் நீரின் எடையே ஏற்றும் பாரம். 30 மீட்டரை 6 மீட்டரால் பெருக்கி, ஒரு சென்டிமீட்டர் கனத்தால் பெருக்கினால் 1.8 கன மீட்டர். நன்னீரில் அதன் எடை 1.8 டன். அப்படியானால் 10 சென்டிமீட்டருக்கு 18 டன். கால்வாயின் அடியில் ஒரு சாண் கூட இல்லாத, வெறும் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்துவிட்டால், ஒவ்வொரு நடைக்கும் 18 டன் சரக்கைக் கரையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். தூர் வாருவதற்குப் பணமில்லை என்று சொல்லும் நிர்வாகம் இந்த 18 டன்னைக் கணக்கில் எழுதுவதில்லை.

இரண்டாம் பாடம் முறை. ஒரு துறையில் தோணிக்குச் சுமை ஏற்ற ஒரே மேடை இருப்பதாகக் கொள்வோம். ஏற்ற 6 மணி நேரம். மறுதுறைக்குச் செல்ல 9 மணி. அங்கும் ஒரே மேடையில் இறக்க 6 மணி. திரும்ப 9 மணி. ஆக ஒரு சுற்றுக்கு 30 மணி நேரம். ஐந்து தோணிகளை 6 மணிக்கொன்றாக விட்டால் மேடை ஒரு நாழிகையும் வீணாகாது. வாரத்தின் 168 மணி நேரத்தில் 28 நடை கிடைக்கும். வணிகம் பெருகுகிறதென்று ஆறாவது தோணி ஒன்றை வாங்கினால் என்ன ஆகும்? அப்போதும் 28 நடைதான். ஏற்றும் மேடைக்கு வாரத்தில் 28 தோணிக்குமேல் இடமில்லை. புதிய தோணி காத்துக் கிடக்கும். அதன் ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் போகும். சரி, விரைவான எஞ்சின் பூட்டி 9 மணிப் பயணத்தை 8 மணியாக்கினால்? அப்போதும் 28 நடையே. ஆனால் எஞ்சினைத் தொடாமல், ஏற்றுவதையும் இறக்குவதையும் ஐந்தைந்து மணி நேரத்தில் முடித்தால், சுற்று 28 மணியாகும். அதே ஐந்து தோணிகள் வாரத்தில் 30 நடை போகும். நீரில் விரைவதைவிடக் கரையில் திருந்துவது பயன் மிகுந்தது என்பதை இந்தச் சிறு கணக்கு மெய்ப்பிக்கிறது. சுமை முன்கூட்டியே மேடையருகில் வந்திருக்க வேண்டும். எடை போட்டு, சீட்டு எழுதி, ஆட்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும். வரிசையை மீறி வேண்டியவர் தோணிக்கு முதலிடம் கொடுத்தால் கணக்கு முழுவதும் குலையும்.

மூன்றாம் பாடம் மறுசுமை. போகும்போது நிறைந்தும் வரும்போது வெறுமையாகவும் திரும்பும் தோணி, ஒரு வழிக் கூலியில் இரு வழிச் செலவைத் தாங்குகிறது. இதை நம் பழந்தமிழர் நன்கறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, உப்பை விற்று அதற்கு மாறாக நெல்லைக் கொண்டுவந்த படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த காட்சியைக் கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மூட்டைகளை அளந்து புலி முத்திரை இட்டு, காவலோடு வைத்திருந்த செய்தியையும் அந்நூல் தருகிறது. அளவு, முத்திரை, காவல், மறுசுமை ஆகிய நான்கும் இன்றைய துறைமுக அலுவலகத்திலும் நடக்கும் வேலைகளே. 2018 நவம்பரில் கங்கையாற்று வழியாகக் கல்கத்தாவிலிருந்து 16 கண்டெய்னர்களுடன் ஒரு கலம் வாரணாசியின் புதிய முனையத்தை அடைந்தது. அங்கிருந்து அது உரம் ஏற்றிக்கொண்டு திரும்புவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உப்புக்கு நெல். நம் காலத்தில் கண்டெய்னருக்கு உரம். சரக்கு மாறிற்று, கணக்கு மாறவில்லை.

நான்காம் பாடம் போதும் என்று சொல்லும் துணிவு. ஒவ்வொரு கலத்துக்கும் சுமைக்கோடு உண்டு. அதற்கு மேல் ஒரு மூட்டை என்றாலும் ஏற்றலாகாது. உப்பு நீரில் அளவாக மிதக்கும் தோணி, ஆற்றின் நன்னீருக்குள் வந்ததும் சற்று ஆழ அமிழும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சுமையை நடுவில் தொடங்கி இருபக்கமும் சமமாகப் பரப்ப வேண்டும். காற்றும் வெள்ளமும் மிகுந்தால் தோணியை அவிழ்க்கவே கூடாது. இந்த விதிகளை மீறினால் இழப்பது கூலியோடு முடிவதில்லை. 2011 டிசம்பர் 25ஆம் நாள், பக்கிங்காம் கால்வாய் தொட்டுச் செல்லும் பழவேற்காடு ஏரியில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். விழா நாளில் உலா வந்த குடும்பத்தினர் அவர்கள். உயிர்காப்புச் சட்டை அவர்களிடம் இருக்கவில்லை. கரையில் ஒருவர், 'இதற்கு மேல் ஏறாதீர்கள்' என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் அந்த நாள் வேறாக முடிந்திருக்கும்.

இத்தனை பாடங்களையும் நடைமுறையில் கண்ட பக்கிங்காம் கால்வாய் ஏன் அழிந்தது? ஒரே நாளில் அழியவில்லை. 1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இரயில் பாதை திறந்தது. பின்னர் லாரிகள் பெருகின. விரைவில் செல்ல வேண்டிய சரக்கு இயல்பாகவே அவற்றை நாடியது. அப்போதும் விறகும் உப்பும் தோணிக்கே எஞ்சியிருந்தன. ஆனால் வருவாய் குறைந்ததென்று தூர் வாருவது குறைந்தது. தூர் வாராமையால் ஆழம் குறைந்தது. ஆழம் குறையவே தோணியின் பாரம் குறைந்தது. பாரம் குறைய வருவாய் மேலும் குறைந்தது. இந்தச் சுழலில் அகப்பட்ட கால்வாயை 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் பெரிதும் சிதைத்தன. நகரத்தின் கழிவுநீர் அதில் கலந்தது. 1990களில் சென்னையின் பறக்கும் இரயிலுக்குத் தூண்கள் அதன் நடுவே எழுந்தன. பெற்ற செல்வத்தைப் பேணாத பிள்ளைபோல் நாம் நடந்துகொண்டோம். அந்நிலையிலும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கு இணையாகக் கிடந்த அக்கால்வாய் பல இடங்களில் நீரைத் தன்னுள் வாங்கி, கரையோர மக்களைக் காத்தது.

2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்கள், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளோடு சேர்த்துத் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டபோது காவிரியும் கொள்ளிடமும் அதில் இடம்பெற்றன. செய்தி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பட்டியலில் பெயர் ஏறியதனால் ஓர் ஆறு நீர்வழி ஆகிவிடுவதில்லை. ஆண்டு முழுவதும் ஆழம், வண்டல் அகற்றும் ஏற்பாடு, ஏற்றும் மேடை, இரு வழியும் சுமை, நேர்மையான வரிசை ஆகியவை அமைந்தபின்தான் அது நீர்வழி. வருங்காலத்தில் பொறியாளர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் ஆகவிருக்கும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

இனி நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். 1934இல் மேட்டூர் அணை முடிந்து ஸ்டான்லி நீர்த்தேக்கம் நிறைந்தபோது, பல ஊர்கள் நீரில் மூழ்கின. ஆற்றின் இரு கரைகளும் ஏரியின் இரு கரைகளாக விலகின. நம் பக்கத்து நாகமரைக்கும் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் நடுவே மக்கள் நீரைக் கடக்கும் துறை அமைந்தது. சாலை வழியே மேட்டூரைச் சுற்றினால் நெடுந்தூரம். நீர்வழியே கடந்தால் அக்கரை அருகே. உழவரும் வணிகரும் உறவுமுறை பார்க்கச் செல்வோரும் அத்துறையை நம்பினர். நீர்மட்டம் ஏறும்போது துறை மேலே வரும். இறங்கும்போது கீழே போகும். நீர் மிகக் குறைந்த காலத்தில் மூழ்கிய ஊரின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நிலையான படித்துறை கட்ட இயலாத இடத்தில், நாள்தோறும் துறையைத் தேர்ந்து, சேற்றில் வழி அமைத்து, ஆட்களை அளவாக ஏற்றிக் கடத்துவதும் துறைமுக நிர்வாகமே.

ஒகேனக்கல்லில் இந்த ஒழுங்கு இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்று அங்கே அளக்கிறார்கள். வரத்து வரம்பை மீறினால் பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. தொலைவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம் அடைகிறார்கள். பரிசல் ஓட்டிகளுக்கு அன்றைய கூலி போகிறது. அந்த இழப்பு சிறிதன்று. அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்தின் அடுப்பைத் தொடுவது அது. தடைக்காலத்தில் அவர்களுக்கு ஆதரவு செய்வதும் துறை ஆட்சியின் பகுதி என்றே நான் கருதுகிறேன். பட்டினி கிடக்கும் ஓட்டியிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அறமாகாது. எனினும் தடை வேண்டியதே. உயிரோடு இருந்தால் நாளைக்கும் துடுப்புப் பிடிக்கலாம்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒகேனக்கல்லுக்கோ நாகமரைக்கோ செல்லும்போது நீரையும் பாறையையும் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். கரையில் சற்று நின்று, ஒரு கலத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், யார் எண்ணுகிறார்கள், வரிசை எப்படி நகர்கிறது, போன கலம் வெறுமையாக வருகிறதா, ஆளோடு வருகிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக் குறிப்பைக் கொண்டு வகுப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டையைப் பரிசல் ஓட்டி கொடுத்தால் கூச்சப்படாமல் அணிந்துகொள்ளுங்கள். அவர் கொடுக்க மறந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். 'இடமில்லை, அடுத்த பரிசலில் வாருங்கள்' என்று அவர் சொன்னால் முணுமுணுக்காமல் இறங்கி நில்லுங்கள். துறையைக் காக்கும் கடமையில் ஒரு பகுதி பயணியின் கையிலும் இருக்கிறது.